வசதியில்லாத பிள்ளைகளை மலையேற்றத்துக்குக் கூட்டிப்போக யாரிடம் காசு கேட்பது?

சேலத்தில் ஒரு மாலை நேரப் படிப்பு மையத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். கொலுசுப் பட்டறை, தறி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். வருடத்துக்கு ஒருமுறை மலைக்குக் கூட்டிப்போகிறோம்.

முதல் வருடம் "சாகசப் பயணம்" என்று நோட்டீஸ் அடித்துக் கடைகடையாக ஏறினேன். "ஃபீஸ் கட்டணுமா, நோட்டு வாங்கணுமா, தர்றேங்க. டூருக்கெல்லாம் எதுக்கு?" என்றார் ஒருவர். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அடுத்த வருடம் மொத்தத் தொகையைச் சொல்வதையே விட்டுவிட்டு, கணக்கைத் துண்டு போட்டு ஆளுக்கொரு சீட்டாகக் கொடுத்தோம். கொல்லிமலை, இரண்டு நாள், 32 பிள்ளைகள். மளிகைக்காரர் அரிசி பருப்பு கொடுத்தார். மெஸ்காரர் முதல் நாள் புளிசாதப் பொட்டலம். செருப்புக் கடையில் விற்காமல் கிடந்த கேன்வாஸ் ஷூ 11 ஜோடி கிடைத்தது. பஸ்காரர் டீசலும் டிரைவர் பேட்டாவும் போதும் என்றார். ரொக்கமாகத் தேவைப்பட்டது அதற்குப் பிறகு 14,000தான்.

அந்தச் சீட்டில் ஒரு வரி: "எலுமிச்சம்பழம் 40, பிளாஸ்டிக் கவர் 100." கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. மலை ரோட்டில் பஸ்ஸே ஏறாத பிள்ளைகள், இருபதாவது வளைவுக்குள் பாதிப்பேர் வாந்தி எடுத்துவிடுவார்கள். அந்த வரியைப் படித்த மில்காரர் ஒருவர் சிரித்துவிட்டு, "நெசமாவே போயிட்டு வந்தவன் எழுதின கணக்கு" என்று 5,000 எடுத்து வைத்தார்.

யாரும் கொடுக்க விரும்பாதது இரண்டு: இன்சூரன்ஸ், கூட வருகிற பெண்களுக்கான கூலி. இரண்டும் போட்டோவில் விழாதே! இன்சூரன்ஸ் படிவத்தில் கையெழுத்துக் கேட்டபோது ஒரு அம்மா, "உசுருக்கு ரெண்டு லட்சம்னு போட்டிருக்குதே சார், அப்ப அங்க ஆபத்து இருக்குதுங்களா?" என்றார். நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், சமாதானமாகவில்லை. கடைசியில், "நீங்களே கூட வாங்கக்கா, ரெண்டு நாள் தறிக்கூலியை நாங்க தர்றோம்" என்றேன். வந்தார். ஆகாயகங்கைப் படிகளில் எங்களுக்கு முன்னால் இறங்கியது அவர்தான். இப்போது அந்தக் கூலிதான் எங்கள் பட்ஜெட்டில் முதல் வரி.

கம்பெனிப் பணம் வேண்டுமானால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். வருட நிகர லாபம் 5 கோடியைத் தொடும் கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2% சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். அதை உங்கள் அமைப்பு வாங்க, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட பட்டியலில் மலையேற்றம் என்று தனியாக இல்லை, கல்வி என்ற தலைப்பில்தான் எழுத வேண்டும். தனிநபர்களிடம், நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி ரசீது முன்போல் எடுபடுவதில்லை. புது வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அதில் பலனில்லை.

உதவி என்றே கேட்க வேண்டும் என்றும் இல்லை. இன்று பல நாடுகளில் இருக்கும் அவுட்வர்ட் பவுண்ட் என்ற சாகசப் பயிற்சிப் பள்ளி 1941இல் வேல்ஸில் தொடங்கியது ஒரு கப்பல் முதலாளியின் பணத்தில். போரில் கப்பல் மூழ்கினால் இளம் மாலுமிகள் உயிர்பிழைக்கப் பழக வேண்டும் என்பது அவர் கவலை. உங்கள் ஊரிலும் தெம்பான, சொன்ன நேரத்துக்கு வருகிற பையன்களைத் தேடும் முதலாளி இருப்பார்.

இரண்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்: வனத்துறை அனுமதி, உள்ளூர் வழிகாட்டி. 2018 மார்ச் குரங்கணித் தீக்குப் பிறகு அனுமதியில்லாமல் காட்டுப்பாதையில் ஏறவே கூடாது.

போய்வந்ததும் கணக்கைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்தக் கொல்லிமலைப் பயணத்தில் 640 ரூபாய் மிஞ்சியது. அந்த மில்காரரிடமே திருப்பிக் கொடுத்தோம். இந்த வருடம் பஸ் அவர் பொறுப்பு.