கூலியும் பங்கும்

அன்புள்ள ஐயா,

12 வருடமாக விசுவாசத்தில் இருக்கிறேன். இரட்சிப்பு கிரியையினால், அதாவது நம் செயல்களால் அல்ல, கிருபையினால்தான் என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு நாள் காலை ஜெபம் தவறிவிட்டால் அன்று முழுக்கப் பயம். மதியம் ஏதாவது வேலை கெட்டுப்போனால் ‘ஜெபிக்காததற்குக் கிடைத்தது’ என்கிறது மனம். மறுநாள் இரண்டு மடங்கு ஜெபித்து ஈடுகட்டுகிறேன். இந்தக் கணக்கை விட்டால் ஏனோதானோவென்று ஆகிவிடுவேனோ என்றும் பயம்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

‘ஈடுகட்டுகிறேன்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கடன்பட்டவர் பேச்சு அது.

எனக்கும் இருந்த நோய்தான். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வருடத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றுக்குச் சற்று மேல் வாசிக்க வேண்டும். கட்டம் போட்ட அட்டையில் தினமும் டிக் அடிப்பேன். ஒருமுறை 5 நாள் விட்டுப்போய், ஒரே இரவில் 16 அதிகாரம் ஓட்டி, கட்டங்களை நிரப்பிவிட்டுத்தான் படுத்தேன். காலையில் ஒரு வசனம்கூட நினைவில்லை. அந்த 16-இல், அப்போஸ்தலன் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபம் முழுவதும் அடக்கம்! “ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?” என்று, கிருபையில் தொடங்கிவிட்டுச் சொந்த முயற்சிக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்துப் பவுல் சீறுவது அதன் மூன்றாம் அதிகாரத்தில்தான். அதற்கும் ஒரு டிக்.

லூக்கா 15-இல் இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையை மறுபடி எடுத்துப் பாருங்கள். தன் பங்கை வாங்கிப்போய் அழித்த இளைய மகன் ஊர் திரும்புமுன் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான்: ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்.’ நேரில் பேச ஆரம்பித்து, கூலிக்காரன் என்ற இடத்துக்கு வருவதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மூத்தவனோ வயலிலிருந்து வந்து, இத்தனை வருஷம் உமக்கு ஊழியஞ்செய்தேனே என்கிறான். ‘ஊழியம்’ என்று நம் வேதாகமத்தில் மரியாதையாக இருக்கிறது. கிரேக்கத்தில் அடிமையாக உழைப்பதைச் சொல்லும் வினை அது. எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்பது அவன் குறை. ஆனால் 12-ஆம் வசனம் என்ன சொல்கிறது? தகப்பன் ஆஸ்தியை ‘அவர்களுக்கு’ப் பங்கிட்டுக் கொடுத்தார். இரண்டு பேருக்கும். அவன் பங்கு அன்றைக்கே அவனுக்கென்று ஆகிவிட்டது. தன் பங்கு மந்தையின் நடுவே நின்றுகொண்டு ஒரு குட்டியைக் கூலியாகக் கேட்டிருக்கிறான் பாவி.

ஏனோதானோ பயத்துக்கு வருகிறேன். கிருபை பெருகும்படி பாவத்திலேயே நிலைத்திருக்கலாமா என்று ரோமர் 6-இன் முதல் வசனத்திலேயே வந்துவிட்ட கேள்விதான் அது. பவுலுக்கும் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும். மற்ற அப்போஸ்தலர் எல்லாரிலும் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்று எழுதிய கையோடு, “நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே” என்கிறார். இவ்வளவு உழைத்தவர் அதற்கு பில் போடவில்லை.

காலை ஜெபம் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக்காதீர்கள். ஞாபகம் வந்த நிமிடம், கையிலிருக்கும் வேலையோடேயே இரண்டு வார்த்தை பேசுங்கள். மறுநாள் வழக்கமான நேரம் போதும். முதல் சில வாரம் எதையோ திருடிவிட்டதுபோல இருக்கும், எனக்கு இருந்தது. மதியம் வேலை கெட்டுப்போனால், அந்த வேலையில் எங்கே தவறியது என்று பாருங்கள்.

அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வாசிப்பு நிற்கவில்லை. விட்ட இடத்துக்கு இப்போது ஒரு நூல் கயிறுதான் அடையாளம். போன வாரம் முழுக்க அது ஒரே பக்கத்தில் கிடந்தது.