சீசன் டிக்கட் விலை ஏறுகிறது: அண்ணன் வைத்திருக்கலாமா, விடலாமா?

கேள்வி: என் அண்ணன் இங்கிலாந்தில் குடும்பத்தோடு இருக்கிறார். பல வருடமாக ஒரு பிரிமியர் லீக் உதைபந்தாட்டக் கழகத்தின் சீசன் டிக்கட் வைத்திருக்கிறார். விலை ஏறிக்கொண்டே போகிறது. "இந்த முறை விட்டுவிடுங்கள்" என்கிறார் அண்ணி. விட்டால் திரும்பக் கிடைக்காது என்கிறார் அண்ணன். விலை பிடிக்கவில்லை என்றால் வேறு கழகத்துக்கு மாற வேண்டியதுதானே என்று நான் போனில் சொல்லப்போய், அவர் கோபித்துக்கொண்டார். இப்படி விலை ஏற்றினால் முறையிட ஓர் இடமும் இல்லையா? டிக்கட்டை வைத்திருப்பதா, விடுவதா?
- வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: அண்ணன் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. வருடக்கணக்கில் ஒரே கழகத்துக்காகத் தொண்டை வற்றக் கத்தியவர், விலை கூடிவிட்டது என்பதற்காக எதிரணியின் கொடியைப் பிடிக்க மாட்டார். கழகங்களுக்கும் இது நன்றாகத் தெரியும். வாடிக்கையாளர் விட்டுப் போக மாட்டார் என்று தெரிந்த இடத்தில் விற்பவர் சொல்வதுதான் விலை. இந்த விலையேற்றத்தில் எனக்கு அநியாயமாகப் படுவது இதுதான்.

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக எடுக்கும் பஸ் சீசனும் இதுவும் ஒன்றல்ல. பஸ் சீசனில் அரசாங்கம் செலவின் பெரும்பகுதியைச் சுமக்கிறது, பெற்றோர் கொடுப்பது சிறிய தொகை. அங்கே முழுப் பணத்தையும் ரசிகர்தான் கட்ட வேண்டும், அதையும் பருவம் தொடங்குவதற்கு முன்பே. பிரிமியர் லீக்கில் 20 கழகங்கள், ஆளுக்கு 38 ஆட்டம், அதில் 19 சொந்த மைதானத்தில். அந்த 19 ஆட்டத்துக்கும் ஒரே இருக்கையை உறுதி செய்வதுதான் சீசன் டிக்கட்.

கழகங்கள் சொல்லும் காரணம், செலவு கூடிவிட்டது என்பது. 2025-26 பருவம் வரை இருந்த பிரிமியர் லீக்கின் நிதி விதிப்படி மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டப்படக் கூடாது, அதனால் வருமானத்தைக் கூட்டியே ஆக வேண்டும் என்றார்கள். அந்த விதி இருந்தது உண்மைதான். ஆனால் 2025இல் தொடங்கிய நான்கு பருவங்களுக்கு, பிரிட்டனுக்குள் ஒளிபரப்பும் உரிமையை மட்டும் 6.7 பில்லியன் பவுணுக்கு விற்றிருக்கிறார்கள். வெளிநாட்டு ஒளிபரப்புப் பணம் இதற்கு மேலே. இவ்வளவும் கையில் இருக்கும்போது, மழையில் நனைந்து வந்து உட்காரும் ரசிகரிடம் இன்னும் 30, 40 பவுண் கறப்பதால் கழகத்தின் கணக்கில் பெரிய மாற்றம் எதுவும் வந்துவிடாது. அந்த ரசிகரின் வீட்டுக் கணக்கில்தான் ஓட்டை விழுகிறது.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே ஒளிபரப்பு வருமானம் இங்கிலாந்தை விட மிகக் குறைவு. ஆனாலும் டிக்கட் மலிவு. பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களான ரசிகர்களின் கையில் இருக்க வேண்டும் என்று 1998இலிருந்து ஒரு விதி இருக்கிறது. டோர்ட்முண்ட் மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் ஏறக்குறைய 25,000 பேர் நின்றுகொண்டே லீக் ஆட்டம் பார்க்கிறார்கள், குறைந்த விலையில். ஆகவே செலவு கூடினால் டிக்கட்டும் கூடியே தீரும் என்பது ஒரு நியதி அல்ல. முடிவெடுக்கும் கதிரையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

சரி, முறையிட இடம் உண்டா? விலையைக் குறைக்கும்படி உத்தரவிடும் அதிகாரி யாரும் அங்கே இல்லை. 2025இல் வந்த புதிய சட்டத்தின்படி உதைபந்தாட்டத்துக்கென்று தனி ஒழுங்குபடுத்துநர் வந்திருக்கிறார். டிக்கட் விலை போன்ற விடயங்களில் கழகங்கள் ரசிகர்களுடன் கலந்து பேச வேண்டும் என்பது அதில் இருக்கிறது. ஆனால் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

இதுவரை விலை நின்றதெல்லாம் ரசிகர்கள் சேர்ந்து நின்றபோதுதான். 2016 பெப்ரவரி 6ஆம் திகதி லிவர்பூல், சண்டர்லாந்துடன் ஆடியது. அடுத்த பருவத்தில் ஒரு டிக்கட்டின் உச்ச விலை 77 பவுண் என்று அறிவித்திருந்தார்கள். ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியே போனார்கள். அப்போது 2-0 என்று முன்னணியில் இருந்த அணி கடைசியில் 2-2 என்று முடித்தது. சில நாட்களுக்குள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையை மீளப் பெற்றார்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் ரசிகருக்கு 30 பவுண் உச்ச வரம்பு வந்ததும் ரசிகர் அமைப்புகள் வருடக்கணக்கில் போராடியதால்தான். 2016-17இல் தொடங்கிய அந்த வரம்பு திரும்பத் திரும்ப நீடிக்கப்பட்டிருக்கிறது.

பிறகு 2024-25இல் 20 கழகங்களில் 19 விலையை ஏற்றின. அதே பருவத்தின் நடுவில் மான்செஸ்டர் யுனைடெட், மீதமிருந்த லீக் ஆட்டங்களுக்கு உறுப்பினர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் வாங்கும் டிக்கட்டை 66 பவுண் ஆக்கியது. சிறுவருக்கும் முதியோருக்கும்கூட சலுகை இல்லை. பவுண் 400 ரூபா என்று வைத்தால் 26,400 ரூபா. 2024இல் 1350 ரூபாவான தோட்டத்து நாட்சம்பளத்தில் இது ஏறக்குறைய 20 நாள் சம்பளம். அங்கத்தைய சம்பளம் வேறு, எனக்குத் தெரியும். என்றாலும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஒரு தகப்பனுக்கு அங்கேயும் அது சுமைதான். பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே விலை வைப்பதை எந்த நிதி விதியைக் காட்டியும் என்னால் ஏற்க முடியவில்லை. பல கழகங்களின் ரசிகர்கள் ஒன்றாகக் குரல் கொடுத்தார்கள். 2025-26க்கு லிவர்பூலும் மான்செஸ்டர் சிட்டியும் சீசன் டிக்கட் விலையை ஏற்றாமல் விட்டன.

அதனால் அண்ணனுக்கு என் முதல் ஆலோசனை: அவருடைய கழகத்தின் சுயாதீன ரசிகர் அமைப்பில் சேரட்டும். தனியாக எழுதும் மின்னஞ்சலுக்குக் கிடைப்பது ஒரு நன்றிக் கடிதம்தான்.

அப்புறம், வைத்திருப்பதா விடுவதா என்ற கேள்வி. போன பருவத்தில் அவர் உண்மையிலேயே எத்தனை ஆட்டத்துக்குப் போனார் என்று அண்ணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, டிக்கட் 950 பவுண் என்றால் 19 ஆட்டத்துக்கும் போகிறவருக்கு ஒன்று 50 பவுண். 9 ஆட்டத்துக்கு மட்டும் போனால் ஒன்று 105 பவுணுக்கு மேல். பதினைந்து ஆட்டத்துக்குக் குறையாமல் போகிறார் என்றால் நான் விடச் சொல்ல மாட்டேன். பெரிய கழகங்களில் காத்திருப்போர் பட்டியல் மிக நீளமானது, அண்ணன் பயப்படுவது சரி. பத்துக்குக் கீழே என்றால் அண்ணி சொல்வதில் பணக் கணக்கு இருக்கிறது. சாதாரண உறுப்பினராகி, வேண்டிய ஆட்டத்துக்கு மட்டும் டிக்கட் தேடலாம். பெரிய ஆட்டங்களுக்குக் கிடைக்காமலும் போகும், அதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

விடுவதற்கு முன் நிபந்தனைகளை ஒரு முறை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். போக முடியாத ஆட்டத்தின் இருக்கையைக் கழகத்தின் வழியாகவே மறுவிற்பனைக்கு விட முடியுமா, ஒரு பருவம் நிறுத்திவைத்துத் திரும்ப எடுக்க இடமுண்டா, மலிவான பக்கத்துக்கு மாறலாமா என்று கேட்க வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை ஆட்டத்துக்கு வராவிட்டால் புதுப்பிக்க மாட்டோம் என்று சில கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. சில இடங்களில் நாம் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் டிக்கட் தானாகவே புதுப்பிக்கப்பட்டு அட்டையிலிருந்து பணம் போய்விடும். தவணையில் கட்டும் வசதி இருந்தால் அது வட்டியில்லாததா, நிதி நிறுவனக் கடனா என்பதையும் பார்க்க வேண்டும். இன்னொன்று முக்கியம். பிரிட்டனில் இணையத்தில் வாங்கும் பல பொருட்களை 14 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம். குறித்த திகதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சி டிக்கட்டுகளுக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே யோசனையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: டிசம்பரில் லண்டன் போகிறேன். ஒரு பெரிய ஆட்டத்துக்குத் தன் சீசன் டிக்கட்டைத் தருவதாகப் பேஸ்புக்கில் ஒருவர் சொல்கிறார். பாதிப் பணத்தை முதலில் அனுப்பச் சொல்கிறார். நம்பலாமா?
- பண்டாரவளை வாசகி

பதில்: அனுப்ப வேண்டாம். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் உதைபந்தாட்ட டிக்கட்டை மறுபடி விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். பெரிய கழகங்களில் டிக்கட் இப்போது உரியவரின் கைத்தொலைபேசியில்தான் இருக்கும். நேர்மையான ஆளாகவே இருந்தாலும் கழகம் கண்டுபிடித்தால் டிக்கட்டை ரத்துச் செய்யும், நீங்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். நேர்மையில்லாதவர் என்றால் பணத்தை மறந்துவிடுங்கள். இங்கிருந்து அனுப்பிய பணத்தை அங்கே துரத்திப் பிடிப்பது நடக்கிற காரியமல்ல.

கழகத்தின் இணையத்தளத்தில் உறுப்பினராகிப் பதிவு செய்யுங்கள். உறுப்பினரானால் டிக்கட் நிச்சயம் என்று அர்த்தமில்லை, முயற்சி செய்யும் உரிமைதான் அது. தொலைக்காட்சிக்காக ஆட்டத்தின் நாளையும் நேரத்தையும் மாற்றுவார்கள் என்பதால் விமானப் பயணத்தில் முன்னும் பின்னும் ஓரிரு நாள் விட்டுவைப்பது நல்லது. ஒரு பெரிய மைதானத்தில் உட்கார்ந்து நல்ல ஆட்டம் பார்த்தால் போதும் என்றால் பெண்கள் லீக்கைப் பாருங்கள். 2025-26 பருவத்தில் ஆர்சனல் பெண்கள் அணி தன் சொந்த லீக் ஆட்டங்களை ஆண்கள் அணியின் எமிரேட்ஸ் மைதானத்திலேயே ஆட முடிவெடுத்தது. டிக்கட் விலை ஆண்கள் ஆட்டத்தில் ஒரு சிறு பங்குதான்.

கேள்வி: மகன் இந்தப் பருவத்து ஜெர்சிதான் வேண்டும் என்கிறான். அசலின் விலை தலையைச் சுற்றுகிறது. போலி வாங்கினால் என்ன?
- தலவாக்கலை வாசகி

பதில்: போலியை அசல் என்று சொல்லி அசல் விலைக்கு விற்றால் அது ஏமாற்று, முறையிடலாம். கழகங்கள் பொதுவாகப் பருவத்துக்கு மூன்று ஜெர்சி வெளியிடுகின்றன. மூன்றையும் துரத்திப் பிடிக்க எந்த வீட்டாலும் முடியாது. பருவம் முடிந்ததும் அதே அசல் ஜெர்சி கழிவு விலைக்கு வரும். மகனிடம் இந்த விலை விபரத்தை மறைக்காமல் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் போட்டித் தொடர் ஒன்றுக்கு எல்லா நாளுக்கும் சேர்த்து 1,500 ரூபா பாஸ் வாங்கினோம். மழையால் கடைசி இரண்டு நாள் ஆட்டம் நடக்கவில்லை. பணம் திரும்பாது என்கிறார்கள் ஏற்பாட்டாளர்கள். விட்டுவிட வேண்டியதுதானா?
- நாவலப்பிட்டி இளைஞர்கள்

பதில்: விட வேண்டாம். மழைக்கு ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல, ஆனால் நடக்காத ஆட்டத்துக்கு வாங்கிய பணத்துக்கு அவர்தான் பொறுப்பு. பாஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். பணம் திரும்பாது என்று அங்கே அச்சிட்டிருக்கிறதா, அல்லது இப்போதுதான் வாயால் சொல்கிறார்களா? அச்சில் இல்லை என்றால் உங்கள் பக்கம் பலமானது. நடக்காத நாட்களுக்குரிய பங்கை அல்லது மாற்றுத் திகதியைக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள், பிரதியில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுவது நல்லது.

கட்டணம் வாங்கி நடத்தும் விளையாட்டுக்குக் களியாட்ட வரி அறவிடும் அதிகாரம் நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் உண்டு. அதனால் டிக்கட்டில் சபையின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சபையில் விசாரியுங்கள். ஏற்பாட்டாளர் பதில் தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஆனால் அழைப்பு மட்டும் போதாது, எழுத்தும் வேண்டும். பாஸையும் பற்றுச்சீட்டையும் படம் எடுத்துவைத்துக்கொண்டு, பிரதியை மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.