உறுதிப்படுத்தல்களைக் கூட்டினால் மட்டும் போதாது

உங்கள் கிரிப்டோ நாணயத்தில் முடிந்த பரிவர்த்தனைகளை யாரும் பின்னர் மாற்றி எழுதாமல் தடுக்க, உறுதிப்படுத்தல்களை (பரிவர்த்தனை இடம்பெற்ற பிளாக், அதாவது பதிவுத் தொகுப்பு, முதல் சங்கிலியில் அடுத்தடுத்துச் சேரும் பிளாக்குகளின் எண்ணிக்கையை) 6-இலிருந்து 60 ஆக உயர்த்தினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்; போதாது. பிளாக்குகளை உருவாக்கும் கணிப்புத் திறனில் (ஹாஷ் திறன்) பாதிக்கு மேல் ஒரே மைனர், அதாவது பிளாக்குகளை உருவாக்குபவர், நிலையாக வைத்திருந்தால், அவர் மறைவில் வளர்க்கும் சங்கிலி எந்த ஆழத்தையும் காலப்போக்கில் முந்திவிடும். எண்ணிக்கையைக் கூட்டுவது அவருடைய செலவை மட்டுமே ஏற்றும். 2020 ஆகஸ்டில் எத்தீரியம் கிளாசிக் என்ற நாணயம் இப்படி மூன்று முறை தாக்கப்பட்டபோது, ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான பிளாக்குகள் மாற்றி எழுதப்பட்டன.

உங்கள் நாணயம் வேறொரு பெரிய நாணயத்தின் அல்காரிதத்தையே (பிளாக்குகளை உருவாக்கும் கணக்கீட்டு முறையையே) பயன்படுத்துகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது: தாக்குபவர் கருவி எதையும் வாங்காமல், சில மணி நேரத்துக்குத் திறனை வாடகைக்கு எடுத்துவிடலாம்.

பிட்காயின் வழிவந்த மென்பொருளாக இருந்தால், உங்கள் நோடில் (வலையமைப்பில் இணைந்த கணினியில்) ‘கெட்செயின்டிப்ஸ்’ (getchaintips) கட்டளையை இயக்கி, கைவிடப்பட்ட கிளைகளின் நீளத்தைப் பாருங்கள். ஒன்றிரண்டு பிளாக் கிளைகள் இயல்பானவை. பத்தைத் தாண்டிய கிளை ஒன்று தென்பட்டாலும் பயனர்களிடமிருந்து நாணய வைப்புகளை ஏற்பதை உடனே நிறுத்திவிடுங்கள். (மறைவில் வளரும் சங்கிலி வெளியிடப்படும் வரை இதில் தெரியாது.)

பத்து பிளாக்குகளுக்கு மேற்பட்ட பின்னோக்கிய மாற்றத்தை ஏற்காத விதி ஒன்றை 2018-இல் பிட்காயின் கேஷ் நாணயத்துக்கான பிட்காயின் ஏபிசி மென்பொருள் சேர்த்தது. உங்கள் நிலையில் நானும் அதையே சேர்ப்பேன். ஆனால் துண்டிக்கப்பட்டு மீண்டும் இணையும் நோடுகள் தவறான கிளையில் சிக்கக்கூடும். பிறருடைய பரிவர்த்தனைகளைச் சேர்க்க மறுக்கும் மைனரையும் அவ்விதி தடுக்காது.