லெக்டரா, கிளாரிஸா? டீச்சரிடம் வாசகர்கள் கேட்டவை

நாகர்கோவில் வாசகர் வட்டத்தில் இந்தத் தடவை எடுத்துக்கொண்ட புத்தகம், தாமஸ் ஹாரிஸ் 1988-ல் எழுதிய ‘தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’. இத்தனை சண்டை போடவைத்த புத்தகம் சமீபத்தில் வேறில்லை. ஒருவர் ஒரே ராத்திரியில் முடித்திருக்கிறார், இன்னொருவர் பாதியில் மூடி வைத்துவிட்டார்.

கதை இதுதான். பெண்களைக் கடத்திக் கொன்று தோலை உரிக்கிறான் ஒருவன். பத்திரிகைகள் அவனுக்கு வைத்த பெயர் பஃபலோ பில். அவனைப் பற்றித் துப்பு கிடைக்குமா என்று பார்க்க, கிளாரிஸ் ஸ்டார்லிங் என்ற எஃப்.பி.ஐ. பயிற்சி மாணவியை ஹானிபல் லெக்டரிடம் அனுப்புகிறார்கள். மனநல மருத்துவராக இருந்து, மனிதர்களைக் கொன்று தின்று, அடைபட்டுக் கிடப்பவர் அவர். பதில்களில் முடிவையும் சொல்லியிருக்கிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கொலைகாரன் யார் என்று பாதியிலேயே காட்டிவிட்டார். அப்புறம் எதற்கு மிச்சத்தைப் படிக்கணும்? எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. (கருங்கல்)

வடசேரி பஸ் ஸ்டாண்டில் மாத நாவல் வாங்கிப் படித்து வளர்ந்த நமக்குக் கடைசி அத்தியாயத்தில் முகமூடியைக் கழற்றினால்தான் திருப்தி. ஆனால் திகைப்பு வேறு, பதைப்பு வேறு. திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் இதை பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் விளக்கியிருக்கிறார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு மட்டும் தெரிந்து, மேசையில் இருப்பவர்கள் பேசிக்கொண்டே இருந்தால் அவ்வளவு நேரமும் பதற்றம்.

முடிவை அந்தக் கண்ணோடு திரும்பப் படித்துப் பாருங்கள். கிளாரிஸின் மேலதிகாரி கிராஃபோர்டு ஆயுதப் படையோடு போய் இறங்குவது சிகாகோ பக்கத்தில் ஒரு காலி வீட்டில். கிளாரிஸோ ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில், சாதாரண விசாரணைக்காகத் தனியாக ஒரு கதவைத் தட்டுகிறாள். அது யார் வீடு என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவன் யார் என்பதை ஒளித்து வைத்திருந்தால் இந்தப் பதைப்பு கிடைத்திருக்காது.

டீச்சர், நான் விடியக்காலம் பால்வெட்டுக்குப் போகிறவன். அந்த இருட்டுக் காட்சியைப் படித்த பிறகு ரப்பர் தோட்டத்துக்குள் போகவே ஒரு மாதிரி இருக்கிறது. (குலசேகரம்)

புரிகிறது, தம்பி. நிலவறையில் கொலைகாரன் விளக்கை அணைத்துவிடுகிறான். இருட்டில் பார்க்கும் கண்ணாடி அவனிடம் இருக்கிறது, கிளாரிஸுக்குக் கை நீட்டினால் கை தெரியாது. அங்கே ஹாரிஸ் கண்ணை மூடிவிட்டுக் காதை மட்டும் திறந்து வைக்கிறார். துப்பாக்கியின் குதிரையை அவன் இழுக்கும் அந்தச் சின்னச் சத்தம்தான் அவளைக் காப்பாற்றுகிறது, சத்தம் வந்த திசையில் திரும்பிச் சுடுகிறாள். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்கு வெளியே என்ன அசைகிறது என்று காதால் பார்த்துப் பழகிய உங்களுக்கு அந்தப் பக்கங்கள் எங்களைவிடக் கூடுதலாகத் தைத்திருக்கும். இனி இந்த மாதிரிப் புத்தகத்தை மத்தியானம் படியுங்கள்.

கல்லூரியில் எங்கள் செட்டில் எல்லோருக்கும் லெக்டரைத்தான் பிடிக்கிறது. என்ன அறிவு, என்ன மரியாதை! அவர்தானே ஹீரோ? (நாகர்கோவில்)

இல்லை மக்களே. அதிகமாகச் சண்டை நடந்ததும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லெக்டர் வரும் பக்கங்கள் குறைவு. 1991-ல் வந்த படத்திலும் ஆன்டனி ஹாப்கின்ஸ் திரையில் நிற்கும் நேரம் கொஞ்சம்தான், ஆனாலும் ஜோடி ஃபாஸ்டரோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கினார். அந்தக் கொஞ்சம் நம் மனதை நிறைத்துவிடுகிறது என்றால் அது எழுத்தின் வல்லமை. அதில் மயங்கியது உங்கள் தப்பில்லை. ஆனால் அந்த மயக்கத்தோடு நின்றுவிடாதீர்கள்.

உன்னைப் பற்றி அவனிடம் எதையும் சொல்லாதே என்று கிராஃபோர்டு முதலிலேயே கிளாரிஸை எச்சரிக்கிறார். அவள் சொல்கிறாள். வேறு வழி இல்லை, ஒரு துப்புக்கு ஒரு நினைவு என்பதுதான் லெக்டர் போடும் கணக்கு. சுடப்பட்டு இறந்த அப்பாவையும், சொந்தக்காரர் பண்ணையில் வெட்டப்படும் ஆட்டுக்குட்டிகள் கத்திய ராத்திரியையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். அவர் அதை ருசித்துச் சாப்பிடுகிறார். நீங்கள் மரியாதை என்று சொல்வது அதைத்தான். அப்புறம் மெம்ஃபிஸ் நகரில் தப்பிக்கும்போது இரண்டு காவலர்களுக்கு அவர் செய்ததைத் திரும்பப் படியுங்கள். அவர்களும் அவரிடம் முறையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

நிஜத்தில் இப்படிப்பட்டவர்கள் மேதைகளாக இருப்பது அபூர்வம். அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் 1974-க்கும் 1991-க்கும் நடுவில் 10 பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடரை எடுத்துக்கொள்ளுங்கள். சர்ச் சபைத் தலைவர், அரசாங்க வேலை, மனைவி, பிள்ளைகள். கொலைகள் நின்று வருஷக்கணக்கான பிறகு, தன்னைப் பற்றிப் பேச்சே இல்லையே என்று தாங்காமல் போலீசுக்கு மறுபடி கடிதம் போட ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் ஃப்ளாப்பி அனுப்பினால் கண்டுபிடிப்பீர்களா என்று போலீசிடமே கேட்டார். முடியாது என்று பதில் வந்ததை நம்பி அனுப்பினார். அதில் சர்ச்சின் பெயரும் ‘டென்னிஸ்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன. 2005-ல் பிடித்துவிட்டார்கள். இதில் கம்பீரம் எங்கே இருக்கிறது?

பிளவுஸ் தைக்கிறவள் நான். பிணத்தின் முதுகில் முக்கோணமாகத் தோல் வெட்டியிருக்கு என்றதுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. அவ்வளவு பெரிய ஆபீசர்களுக்கு ஏன் தெரியவில்லை? (தக்கலை)

அக்கா, வட்டத்தில் இதை முதலில் கண்டுபிடித்தது நீங்களாகத்தான் இருக்கும். உடம்புக்குத் தகுந்தபடி துணியை வளைக்க டாட் பிடிப்பது உங்களுக்குக் கைப்பழக்கம். எஃப்.பி.ஐ. ஆண்கள் அந்தத் துண்டுகளைப் பைத்தியத்தின் அடையாளமாகப் பார்த்தார்கள், தையலாகப் பார்க்கவில்லை. முதலில் கொல்லப்பட்ட ஃப்ரெட்ரிக்காவின் அறையில், அவள் அலமாரியைத் திறந்து துணிகளைப் பார்க்கும்போதுதான் கிளாரிஸுக்கு விளங்குகிறது: அவனுக்குத் தைக்கத் தெரியும், பெண்களின் தோலில் தனக்கு உடை தைக்கிறான். கதையின் பூட்டு திறக்கும் இடம் அது. திறந்தவள், செத்துப்போன ஒரு பெண்ணின் துணிமணியைப் பொறுமையாகத் தொட்டுப் பார்த்தவள்.

நான் 34 வருஷம் போலீஸ் வேலை பார்த்தவன். பயிற்சி மாணவியை இப்படித் தனியாக அனுப்புவார்களா? ஒன்றும் நம்பும்படியாக இல்லை. (இரணியல்)

அனுப்பமாட்டார்கள், ஏட்டையா. அது கதைக்காக. ஆனால் சிறையிலிருக்கும் கொலைகாரர்களை உட்காரவைத்துப் பேசியது உண்மை. ராபர்ட் ரெஸ்லர், ஜான் டக்ளஸ் போன்ற எஃப்.பி.ஐ. ஆட்கள் 36 பேரிடம் பேசித்தான் கொலைகாரர்களின் மனப்போக்கைக் கணிக்கும் துறையை வளர்த்தார்கள். ஹாரிஸ் எஃப்.பி.ஐ. பயிற்சி மையம் இருக்கும் குவான்டிகோவுக்கே போய் அவர்களைப் பார்த்திருக்கிறார்.

கொலைகாரன் பெண்ணாக மாற ஆசைப்படுகிறவன் என்று வருகிறதே. எனக்குக் கோபம்தான் வந்தது. மேற்கொண்டு படிக்கவில்லை. (மார்த்தாண்டம்)

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1992 ஆஸ்கர் விழா நடந்த இடத்துக்கு வெளியே இதே கோபத்தோடு ஆட்கள் கூடிப் போராடினார்கள். நாவலில் ஒரு மறுப்பும் இருக்கிறது. பாலின மாற்று சிகிச்சை தரும் மருத்துவர் ஒருவர், எங்கள் நோயாளிகளை இந்தக் கொலையோடு சேர்த்துப் பேசாதீர்கள் என்று கிராஃபோர்டிடம் கடுமையாகச் சொல்கிறார். இவன் உண்மையில் அப்படிப்பட்டவனே இல்லை என்றும் கதை சொல்கிறது. ஆனால் வாசகர் மனதில் தங்குவது அந்த மறுப்பா, நிலவறையில் இருப்பவனின் உருவமா? உருவம்தான். 2008-லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் நாம், இந்தக் குறையைக் குறை என்றே சொல்ல வேண்டும்.

பிளஸ் டூ படிக்கும் மகள் கேட்கிறாள். கொடுக்கலாமா? (குளச்சல்)

இப்போது வேண்டாம். கல்லூரிக்குப் போகட்டும்.

ஆற்றில் கிடைத்த பிணத்தைச் சோதிக்கும் இடத்தோடு மூடிவிட்டேன். செத்த பெண்களைக் காட்டிக் காசு பார்க்கும் எழுத்து என்று தோன்றியது. (பூதப்பாண்டி)

அந்தச் சந்தேகம் வரத்தான் வேண்டும். பல தொடர்கொலைக் கதைகளில் பெண்ணுக்குப் பிணம் என்பதைத் தாண்டி வேறு வேலை இருக்காது. ஆனால் நீங்கள் மூடிய அதே இடத்தை வைத்துத்தான் நான் இந்த நாவலை அப்படிச் சொல்ல மறுக்கிறேன்.

மேற்கு வர்ஜீனியாவின் ஒரு சிற்றூர். பிணம் கிடக்கும் அறை முழுக்க உள்ளூர்ப் போலீஸ்காரர்கள். கிளாரிஸ் அதட்டவில்லை. தன் கிராமத்துப் பேச்சை நாக்கில் வரவழைத்துக்கொண்டு, இதுவரை இவளைப் பார்த்துக்கொண்டீர்கள், இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிற மாதிரிச் சொல்லி அவர்களை வெளியே அனுப்புகிறாள். தலையில் துணியைக் கட்டிக்கொள்கிறாள், மலைக்கிராமத்து மருத்துவச்சி மாதிரி. அப்புறம் காதுத் துளைகளையும், நகத்தில் மினுங்கும் பாலிஷையும் பார்த்து, இவள் டவுன்காரி என்கிறாள். நம் ஊரில் இறந்தவரைக் குளிப்பாட்டப் பெண்கள் உள்ளே போனதும் ஆண்கள் தானாகத் திண்ணைக்கு நகர்வார்களே, அந்த ஒழுங்கை அங்கே அவள் உண்டாக்குகிறாள். எண்ணாகக் கிடந்தவள் அந்த நிமிஷத்திலிருந்து ஒரு வீட்டுப் பெண். அந்த அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

அடுத்தது இவருடைய எதைப் படிக்கலாம்? (சுசீந்திரம்)

1981-ல் வந்த ‘ரெட் டிராகன்’. லெக்டர் முதலில் வருவது அதில்தான். 1999-ல் வந்த ‘ஹானிபல்’ நாவலில் கிளாரிஸுக்குக் கொடுத்திருக்கும் முடிவைப் படமெடுத்தவர்களே மாற்றிவிட்டார்கள். அவளைப் பிடித்துப்போனவர்கள் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.