இண்டஸ் ஆப்ஸ்டோரில் ஆப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது கையெழுத்துச் சாவியை

கேள்வி: "போன்பேயின் இண்டஸ் ஆப்ஸ்டோரில் கமிஷனே கிடையாது என்கிறார்கள். பிளே ஸ்டோரில் இருக்கும் என் ஆப்பை அங்கேயும் போடலாமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?"

போடலாம். ஆனால் கமிஷனை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆப் எந்தச் சாவியால் (ஆப் உங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரையை இடும் ரகசியக் கோப்பு) கையெழுத்தாகிறது, பணம் கட்டியவர் யார் என்ற பதிவு எங்கே இருக்கிறது, இந்த இரண்டையும் முதலில் ஒழுங்கு செய்யுங்கள். செய்யாமல் ஏற்றினால் கமிஷனில் மிச்சமாவதை வாடிக்கையாளர் புகாரில் தொலைப்பீர்கள்.

இந்தக் கடைக்கு டெவலப்பர்களிடம் அவ்வளவு வரவேற்பு ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரி 21 அன்று இண்டஸ் அறிமுகமானது. அடுத்த வாரமே, மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில் பத்து இந்திய நிறுவனங்களின் ஆப்களை கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. சென்னையின் பாரத்மேட்ரிமோனியும் அதில் ஒன்று. அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்பி வந்தன. ஆனாலும் பிழைப்பு மொத்தமும் ஒரே கடையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. இரண்டாவது கடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

இப்போது கணக்கு. மாதம் 99 ரூபாய் சந்தா என்று வைப்போம். கூகுளே பணம் வாங்கித் தரும் பிளே பில்லிங்கில் சந்தாவுக்கு 15 சதவீதம், அதாவது 14.85 ரூபாய். பயனர் வேறு வழியில் பணம் கட்ட விடும் மாற்று பில்லிங் முறையைத் தேர்ந்தால் கூகுளுக்கு 11 சதவீதம், 10.89 ரூபாய். அதோடு உங்கள் பேமென்ட் கேட்வே (யுபிஐ, கார்டில் பணம் வாங்கித் தரும் நிறுவனம்) 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்கினால் இன்னொரு 2.34. மொத்தம் 13.23. ஒரு சந்தாவுக்கு மிச்சம் 1.62 ரூபாய்தான். டெவலப்பர்கள் கொதித்தது இதனால்தான். இண்டஸில் உங்கள் கேட்வேயையே வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கடை கமிஷன் எடுப்பதில்லை. ஆக செலவு 2.34, மிச்சம் 12.51. ஆனால் இந்த மிச்சம் இண்டஸ் வழியாக வருபவர்களிடம் மட்டும்தான். அங்கிருந்து 40 சந்தாதாரர் வந்தால் மாதம் 500 ரூபாய். இந்தத் தொகைக்கு எவ்வளவு வேலை செய்யலாம் என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

பெரும்பாலோர் சிக்குவது சாவியில். பிளே ஸ்டோருக்கு நீங்கள் ஏஏபி கோப்பை (கடைக்கு அனுப்பும் ஆப் தொகுப்பு) அப்லோட் சாவியால் கையெழுத்திட்டு அனுப்புகிறீர்கள். பயனரின் போனில் நிறுவப்படும் கோப்பான ஏபிகேயில் இருப்பதோ கூகுள் வைத்திருக்கும் வேறொரு சாவியின் கையெழுத்து. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் எடுத்த ஏபிகேயை அப்படியே இண்டஸில் ஏற்றினால் அதில் அப்லோட் சாவிதான் இருக்கும். ஆப்பை ஆண்ட்ராய்டு அடையாளம் காணும் பேக்கேஜ் பெயர் ஒன்றே, கையெழுத்து இரண்டு. பிளேயில் நிறுவியவர் இண்டஸ் பதிப்புக்கு மாற முயன்றால் ஆண்ட்ராய்டு மறுத்துவிடும். பழையதை நீக்கினால்தான் புதியது ஏறும், நீக்கினால் போனில் சேமித்த தரவும் போய்விடும்.

புதிதாக நிறுவுபவருக்கும் கோளாறு உண்டு. கூகுள் லாகின் பிழை எண் 10 காட்டி நின்றுவிடும், ஏனென்றால் ஃபயர்பேஸில் (லாகின் போன்ற வசதிகளைத் தரும் கூகுள் சேவை) நீங்கள் பதிந்த எஸ்எச்ஏ-1 கைரேகை, அதாவது சாவியை அடையாளம் காட்டும் குறியீடு, பிளே சாவியுடையது. கூகுள் மேப்புக்கான ஏபிஐ சாவி (அது வேறு சாவி) இந்தக் கைரேகைக்கு மட்டும் என்று கட்டுப்பாடு வைத்திருந்தால் மேப் வெறும் சாம்பல் கட்டமாக வரும். இணையதள லிங்கைத் தட்டினால் ஆப் திறக்காமல் பிரவுசர் திறக்கும். கோடில் பிழை இருப்பதாக நினைத்து நாள் கணக்கில் தேடுவார்கள். கோடில் ஒன்றும் இருக்காது.

ஆப்பில் விற்பனையே இல்லை, விளம்பரம் மட்டும் என்றால் தீர்வு எளிது. பிளே கன்சோலில் ஆப் பண்டில் எக்ஸ்ப்ளோரருக்குப் போய், பதிப்பைத் தேர்ந்து, டவுன்லோட்ஸ் பகுதியில் கையெழுத்திட்ட யுனிவர்சல் ஏபிகேயை (எல்லா போனுக்கும் பொருந்தும் ஒரே கோப்பு) இறக்குங்கள். அதில் பிளேயின் சாவியே இருக்கும். அதையே இண்டஸில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் ஏபிகே சைனர் கருவியால் சான்றிதழ் கைரேகையை எடுத்து, கன்சோலில் காட்டும் கைரேகையோடு ஒப்பிடுங்கள். கன்சோலில் தானியங்கி இன்டக்ரிட்டி பாதுகாப்பை (ஆப்பை யாரும் மாற்றிப் பரப்பாமல் காக்கும் வசதி) இயக்கியிருந்தால் ஒன்று கவனியுங்கள்: வேறு கடையிலிருந்து நிறுவியவரை அது பிளேயிலிருந்து நிறுவச் சொல்லித் திருப்பி அனுப்பும்.

விற்பனை இருந்தால் இந்த வழி சரிப்படாது. பிளே பதிப்பில் பிளே பில்லிங் இருக்கிறது, இண்டஸ் பதிப்பில் உங்கள் கேட்வே வேண்டும். ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடிலில் இரண்டு புராடக்ட் ஃபிளேவர் (ஒரே கோடிலிருந்து வரும் தனித்தனிப் பதிப்பு) வைத்துப் பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே கோப்பில் அடைத்து, எங்கிருந்து நிறுவப்பட்டது என்று பார்த்துத் திரையை மாற்றும் தந்திரம் வேண்டாம். பிளே பரிசீலனையில் மாட்டினால் பெரிய கடையையே இழப்பீர்கள். பிளேயில் ஆப்பைத் தொடங்கும்போதே சொந்தச் சாவியைக் கொடுத்திருந்தால் இரண்டு பதிப்பையும் அதே சாவியால் கையெழுத்திடலாம். சாவி கூகுளிடம் மட்டும் இருந்தால், இண்டஸ் பதிப்புக்கு வேறு பேக்கேஜ் பெயர் வைப்பதே நிம்மதி. ஃபயர்பேஸில் தனியாகப் பதிய வேண்டும், உங்கள் இணையதளத்தில் உள்ள லிங்க் சரிபார்ப்புக் கோப்பில் புதிய கைரேகையைச் சேர்க்க வேண்டும். அரை நாள் வேலை.

ஒரே பெயர், ஒரே சாவி என்று போனால் இன்னொரு ஆபத்து வரும். இண்டஸில் நிறுவிய ஆப்பை, பிளேயில் உள்ள பதிப்பின் வெர்ஷன் கோட் (பதிப்பு எண்) பெரிதாக இருந்தால், பிளே ஸ்டோர் அப்டேட் செய்ய வழி உண்டு. ஆண்ட்ராய்டு 14 முதல் நிறுவிய கடை அப்டேட் செய்யும் உரிமையைக் கோரியிருந்தால் பயனரிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கடை அப்டேட் செய்ய முடியும். அதற்கு முந்தைய போன்களில் அந்தத் தடுப்பு இல்லை. காலையில் யுபிஐயில் ஓராண்டுச் சந்தா கட்டியவர், மாலையில் பிளே பில்லிங் பதிப்பில் விழித்தெழுந்து "மீண்டும் பணம் கட்டு" என்ற திரையைப் பார்ப்பார். அதனால் சந்தா நிலவரத்தைப் போனிலோ பில்லிங் லைப்ரரியிலோ வைக்காதீர்கள். பயனர் கணக்கோடு சேர்த்து உங்கள் சர்வரில் வையுங்கள். இரண்டு பதிப்பும் அங்கேதான் கேட்க வேண்டும்.

ஆப்புக்குள்ளேயே புதுப்பிக்கச் சொல்லும் பிளேயின் இன்-ஆப் அப்டேட் வசதியும் இண்டஸ் பதிப்பில் மைனஸ் 10 பிழை தரும், ஆப் பிளே வழியாக வரவில்லை என்று பொருள். அந்தப் பிழையில் ஆப் நின்றுவிடாதபடி எழுதுங்கள். புஷ் நோட்டிஃபிகேஷனுக்குக் கவலை இல்லை, போனில் கூகுளின் பிளே சர்வீசஸ் இருந்தால் போதும்.

கமிஷன் போனால் அதோடு கூகுள் செய்துவந்த வேலையும் உங்கள் தலைக்கு வரும். ரீஃபண்ட் உங்கள் பொறுப்பு, ரசீது உங்கள் பொறுப்பு. சேவை விற்பனை ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். மாதச் சந்தாவைத் தானாகப் பிடிக்க ரிசர்வ் வங்கியின் இ-மேன்டேட் (தானாகப் பணம் பிடிக்க வாடிக்கையாளர் தரும் மின்னணு அனுமதி) விதி உண்டு: பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் போக வேண்டும், பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. கேட்வே இதைச் செய்கிறதா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்.

இண்டஸ் விதிமுறைகளில் முதலில் கட்டணப் பத்தியைப் படியுங்கள். அறிமுகத்தின்போது இலவசப் பட்டியல் என்று சொன்னது 2025 ஏப்ரல் 1 வரைக்கும்தான். இன்று கணக்குத் திறக்கும்போது உங்கள் முன் வரும் ஒப்பந்தத்தில் உள்ளதே செல்லும். பிறகு, கட்டணத்தை மாற்ற எத்தனை நாள் அறிவிப்பு, ஆப்பை நீக்கினால் எங்கே முறையிடுவது, கோப்பை மீண்டும் கையெழுத்திட கடைக்கு அனுமதி தருகிறீர்களா. இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் மற்றவை வழக்கமான பத்திகள்.

கூட்டம் எவ்வளவு வரும் என்பதில் நிதானம் தேவை. இன்னொரு ஆப் கடையைத் தன் வழியாக வினியோகிக்க பிளே ஸ்டோர் அனுமதிப்பதில்லை. அனுமதிக்க வேண்டும் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022-இல் இட்ட உத்தரவை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் நீக்கிவிட்டது. ஆகவே போன் வாங்கும்போதே இண்டஸ் கடை உள்ளே இல்லாதவர்கள் இணையதளத்தில் இறக்கி, தெரியாத மூலத்துக்கு அனுமதி தந்து நிறுவ வேண்டும். பலர் அந்த எச்சரிக்கைத் திரையிலேயே திரும்பிவிடுவார்கள்.

தமிழ் ஆப்களுக்கு இங்கே உண்மையான வாய்ப்பு இருக்கிறது. கடையே தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் இயங்குகிறது. ஆங்கில விளக்கத்தை மெஷினில் மொழிபெயர்த்து ஒட்டாமல், ஆட்கள் தேடும் சொல்லில் எழுதுங்கள். எழுத்து வரம்பையும் பாருங்கள். "திருக்குறள்" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்கு 11. புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 30 எழுத்து இடம் இருந்தால் தமிழில் பதினாறு, பதினேழுதான் கிடைக்கும். பெயரின் முக்கியச் சொல்லை முதலில் வைத்து, விலை குறைந்த போன் ஒன்றில் தேடல் பட்டியலைத் திறந்து, எந்த எழுத்தில் வெட்டுகிறது என்று பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.