ஒரு ஆளுக்கு இரண்டு கத்தி எதற்கு?

கேள்வி: கிடங்கில் வேலை பார்க்கிறேன். அட்டைப்பெட்டி பிரிப்பது, கயிறு அறுப்பது, பிளாஸ்டிக் பட்டையை வெட்டுவது என்று நாள் முழுக்கக் கத்தி வேலைதான். லாக் வைத்த தடித்த மடக்குக் கத்தி ஒன்று இடுப்பில் இருக்கும். அதுபோக, அப்பா கொடுத்த சின்னப் பேனாக்கத்தி சட்டைப்பையில் இருக்கும். பழம் நறுக்கினால் அதன் அலகு கறுத்துப்போகிறது. "ஒரு ஆளுக்கு எதுக்குப்பா ரெண்டு கத்தி?" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள். நிஜமாகவே இரண்டு தேவையா? எனக்கோ மூன்றாவதாக ஒன்று வாங்கும் ஆசையும் இருக்கிறது.

பதில்: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கிண்டல் செய்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்தத் தடித்த கத்தியால் ஒரு ஆப்பிளை நறுக்கிக் காட்டுங்கள். பாதி தூரம் இறங்கியதும் அலகு நின்றுவிடும். இன்னும் அழுத்தினால் பழம் டப்பென்று பிளந்து இரண்டாகும். நேற்றுச் சாணை பிடித்த கத்தியும் இதையேதான் செய்யும். முதுகில் 3, 4 மில்லிமீட்டர் கனமுள்ள அலகு ஆப்புபோல உள்ளே இறங்குகிறது. முனையில் எவ்வளவு கூர் இருந்தாலும் அதன் பின்னால் வரும் உடம்பு பழத்தை நெட்டித் தள்ளுகிறது. உங்கள் பேனாக்கத்தி கொஞ்சம் மழுங்கியிருந்தால்கூட அதே பழத்தில் வழுக்கிக்கொண்டு போகும்.

அப்படியானால் மெல்லிய கத்தி ஒன்றே போதாதா என்று கேட்கலாம். பெட்டியில் அடித்திருக்கும் ஸ்டேப்பிள் பின் ஒன்றில் அதன் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, பட்டால் தெரிந்துவிடும். பக்கத்துக்கு 15 டிகிரி கோணத்தில் தீட்டிய மெல்லிய வாய் அந்த அடியைத் தாங்காது. எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 60-ஐத் தாண்டியதாக இருந்தால் பொடிந்து பல் விழும். 55, 56 அளவில் இருந்தால் மடங்கிக்கொள்ளும். பக்கத்துக்கு 20 முதல் 25 டிகிரி வைத்த தடித்த வாய், சின்னத் தழும்போடு தப்பிக்கும். மெலிந்த வாயையும் முரட்டு வாயையும் ஒரே அலகில் வைக்க வழியில்லை. எஃகு எவ்வளவு உசத்தியானாலும் இந்தக் கணக்கு மாறாது. இரண்டு கத்திக்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கும் என்பதெல்லாம் அப்புறம்.

இன்று வேலை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். இடுப்புக் கத்தியை வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்து, விளக்குக்கு அடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நன்றாகத் தீட்டிய வாய் கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடமும் மடங்கிய இடமும் வெள்ளைக் கோடாக, புள்ளியாக மின்னும். பெட்டி பிரிக்கிற கத்தியில் பெரும்பாலும் நுனியை ஒட்டிய அரை அங்குலத்தில்தான் இந்த மினுமினுப்பு இருக்கும். டேப்பைக் கிழிக்க எல்லோரும் அந்த இடத்தைத்தான் உபயோகிக்கிறோம். பேனாக்கத்தியின் வாயையும் அதேபோல் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

அட்டைப்பெட்டி பார்க்கத்தான் சாது. மறுசுழற்சி செய்த காகிதத்தில் களிமண் துகளும் மணல் தூசியும் கலந்திருக்கும். வெட்டும் ஒவ்வொரு முறையும் அவை அலகின் வாயைத் தேய்க்கின்றன. அதோடு டேப்பின் பசை ஒட்டிக்கொள்ளும், பசையில் தூசி ஒட்டும், எல்லாம் சேர்ந்து மடக்கும் இடத்து இடுக்கில் போய்த் தங்கும். துணியால் ஒரு தடவை துடைத்தால் போகிற அழுக்கல்ல. எந்தெந்தக் கிடங்கின் தரையில் கிடந்த பெட்டியோ, அதற்குள் என்ன ரசாயனம் இருந்ததோ யாருக்குத் தெரியும்? அதே கத்தியால் பழத்தை நறுக்கி வாயில் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உங்கள் பேனாக்கத்தி சாப்பாட்டுக்கு மட்டும் என்று இருக்கட்டும். இந்த ஒரு கட்டுப்பாட்டை விட்டுவிட்டால் இரண்டு கத்தி வைத்திருப்பதில் பாதி லாபம் போய்விடும்.

அலகு கறுப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். அது கார்பன் எஃகு. குரோமியம் சுமார் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் ஸ்டெயின்லெஸ் என்று பெயர். பழைய கார்பன் எஃகில் அது அநேகமாக இருக்காது. பழத்தின் புளிப்பு பட்டு மேலே சாம்பல் நீலத்தில் ஒரு படலம் உண்டாகிறது. அந்தப் படலம் செந்துருவை ஓரளவு தடுக்கவும் செய்யும், தேய்த்து எடுக்காதீர்கள். வெட்டிய கையோடு கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து மடக்கினால் போதும். ஆரஞ்சு நிறத்தில் பொடி தெரிந்தால் மட்டும் உடனே கவனியுங்கள்.

ஒரு ஆளுக்கு இரண்டு வாய் என்பது புதிய பழக்கமும் இல்லை. சுவிட்சர்லாந்தின் கத்தி தயாரிப்பாளர் கார்ல் எல்ஸனர் 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுத்த சிப்பாய்க் கத்தியில் அலகு ஒன்றுதான். கூடவே டப்பா திறப்பான், ஸ்க்ரூடிரைவர், துளை போடும் ஊசி. 1897-ல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில் கார்க் திருகியோடு இரண்டாவதாக ஒரு சின்ன அலகும் வந்து சேர்ந்தது. மாடு மேய்ப்பவர்களுக்கென்று அமெரிக்காவில் பேர்பெற்ற 'ஸ்டாக்மேன்' கத்தியில் மூன்று அலகு, மூன்றும் வேறு வேறு வடிவம். முரட்டு வேலைக்கு ஒன்று, நுணுக்க வேலைக்கு ஒன்று என்று ஒரே பிடிக்குள் பிரித்துவைத்திருந்தார்கள். ஒரு கையால் திறக்கிற, லாக் போடுகிற இன்றைய கத்திகளில் பெரும்பாலும் ஒரே அலகுதான். அதனால் இரண்டாவது அலகு இன்னொரு பைக்குக் குடிபோய்விட்டது, அவ்வளவுதான்.

லாக் என்றதும் ஒரு எச்சரிக்கை. அப்பாவின் கத்தியில் அநேகமாக ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கும், லாக் இருக்காது. அதன் நுனியால் குத்தித் துளை போடப் பார்த்தால் அலகு மடங்கி விரலில் இறங்கும். குத்துவது, திருகுவது போன்ற வேலையெல்லாம் லாக் உள்ள கத்திக்குத்தான். அதையும் நெம்புகோலாக ஆக்காதீர்கள், பக்கவாட்டில் வளைத்தால் எந்த நுனியும் உடையும். "கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிப்போகிறவர் முதலில் செய்வதே டின் மூடியை நெம்புவதுதான்! ஆகவே இரவல் கேட்டால் தடித்ததைக் கொடுங்கள். அப்பாவின் கத்தி உங்கள் கையைவிட்டுப் போக வேண்டாம்.

வெளியே போகும்போதும் இரண்டில் எது என்பது முக்கியம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 3 அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள, லாக் இல்லாத மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் சொல்லாமல் வைத்திருக்கலாம். லாக் இருந்தால், வேலைக்காக என்பதுபோல் தகுந்த காரணம் காட்ட வேண்டும். உங்கள் இடத்துச் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் தடித்த கத்தி வேலை முடிந்ததும் கிடங்கிலேயே தங்குவது நல்லது. விருந்திலோ பேருந்திலோ அதை விரித்தால் பார்ப்பவர்கள் மிரளுவார்கள். பேனாக்கத்தியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். விமானத்தில் இரண்டுமே கைப்பையில் கூடாது. தற்காப்புக்கு ஆகுமா என்று யாராவது பேச்செடுத்தால், ஆகாது என்று சொல்லி முடித்துவிடுங்கள்.

மூன்றாவது கத்தி? மேசை வேலை பார்ப்பவராக இருந்தால் ஒன்றே தாராளம் என்று சொல்லியிருப்பேன். உங்கள் வேலைக்கு மூன்றாவது ஒன்று இருக்கலாம், ஆனால் அது நீங்கள் ஆசைப்படுகிற மாதிரி இருக்காது. வெறும் டேப்பும் அட்டையும் வெட்டுவதற்கு, அலகை ஒடித்து ஒடித்துப் போடுகிற சாதாரணக் கட்டர் போதும். ஜப்பானில் யோஷியோ ஒகாடா 1956-ல் கண்டுபிடித்தது அது. மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம், சாணையே வேண்டாம். கட்டர் வந்துவிட்டால் இடுப்புக் கத்திக்குக் கயிறும் பட்டையும் மட்டும்தான் மிச்சம்.

அதற்கு மேலும் கையில் காசு இருந்தால் இருபக்கச் சாணைக்கல் ஒன்று வாங்குங்கள், ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று. இந்த எண் கூடக் கூடக் கல் நைஸாக இருக்கும். தடித்த கத்தியை 400-லேயே நிறுத்துங்கள். வாய் லேசாகச் சொரசொரவென்று இருந்தால்தான் நைலான் கயிற்றைக் கவ்வும். பளபளவென்று தீட்டினால் வழுக்கும். பேனாக்கத்தியை 1000-ல் மட்டும் தீட்டி, கடைசியில் தோல் வாரில் நாலு இழுப்பு இழுங்கள். கோணத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். அலகின் அகலம் 2 செ.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து 7 மி.மீ. தூக்கிப் பிடித்தால் 20 டிகிரி வரும், 5 மி.மீ. என்றால் ஏறக்குறைய 15. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் விரலில் பிசிர், அதாவது விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய எஃகு, தட்டுப்பட வேண்டும். வாயின் முழு நீளத்துக்கும் அது வந்த பிறகே திருப்பிப் போடுங்கள். பேனாக்கத்தியின் மடக்கும் இடத்துக்கு மட்டும் மெஷின் ஆயில் விடாதீர்கள், அது பழத்தோடு சேர்ந்து வயிற்றுக்குப் போகும். உணவுப் பாத்திரங்களுக்கு உகந்த மினரல் ஆயில் ஒரு சொட்டு போதும்.