ரோபோவா, கேமராவா: முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. வலது நுரையீரலின் மேல் மடலில் 2.5 செ.மீ. புற்றுநோய்க் கட்டி. கேமரா வைத்துத் துளைவழியாகவே எடுத்துவிடலாம் என்கிறார் சர்ஜன். எங்களைத் தேடி வந்த 'ஒருங்கிணைப்பாளர்' ஒருவரோ, ரோபோவில் செய்தால்தான் நோய் திரும்பாது, இந்த வாரமே முன்பணம் கட்டுங்கள் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். ரோபோவில் செய்தால் நோய் திரும்பாது என்பது பொய். ரோபோ தானாக எதையும் வெட்டாது. சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் சர்ஜன்தான் அதன் கைகளை இயக்குகிறார். கருவியின் நுனி மணிக்கட்டு போலத் திரும்புவதால் அவருக்கு வசதி. கேமரா முறையைவிட அது ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணமாகவில்லை.

எந்த வழியில் போனாலும் உள்ளே வேலை ஒன்றுதான். அந்த மடலின் தமனிக் கிளைகள், சிரை, மூச்சுக்கிளை எல்லாவற்றையும் தனித்தனியே பிரித்து, மூடி, துண்டித்து, மடலை எடுக்க வேண்டும். புற்றுநோய் முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டும். துளைவழியின் உண்மையான ஆதாயம் விலா எலும்புகளை விரிக்காமல் இருப்பது. பிரிட்டனில் 503 நோயாளிகளிடம் கேமரா முறையையும் திறந்த அறுவையையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளியானது. ஐந்தாவது வாரத்தில் கேமரா முறையில் செய்துகொண்டவர்களின் உடல் இயக்கம் மேலாக இருந்தது. வீடு திரும்பியதும் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக. புற்றுநோயை முழுதாக எடுத்ததில் இரண்டும் சமம்.

ஆகவே 'எத்தனை துளை?' என்று கேட்பதை விடுங்கள். ஒன்றா, மூன்றா, நான்கா என்பது சர்ஜனின் கைப்பழக்கம். 'விலா எலும்பை விரிப்பீர்களா?' என்று கேளுங்கள். வெட்டைச் சிறிதாக்கி, உள்ளே இரும்பு விரிப்பானை வைத்துத் திருகிவிட்டு, அதையும் நவீன முறை என்று விற்கிறார்கள். விலாவுக்கு அடியில் ஓடும் நரம்பு நசுங்கி, மாதக்கணக்கில் எரிச்சலும் மரப்பும் தருவது அந்த விரிப்புதான்.

அடுத்த கேள்வி, 'கணுக்களை எத்தனை இடங்களில் எடுப்பீர்கள்?' நுரையீரல் வேர்ப்பகுதியில் ஓரிடமாவது, நடுமார்பில் மூன்று இடங்களாவது எடுத்துத் தனித்தனிக் குப்பிகளில் அனுப்ப வேண்டும். இதில் அவசரப்பட்டால் நோயின் நிலையே தவறாகக் குறிக்கப்படும். பிறகு கீமோ தேவைப்படுமா என்ற முடிவும் தவறும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் 'மடல் நீக்கம் செய்யப்பட்டது' என்று ஒற்றை வரி எழுதி அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதை ஏற்காதீர்கள். திசுப் பரிசோதனை அறிக்கையை இடவாரியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒருங்கிணைப்பாளர் விஷயத்துக்கு வருவோம். ஆள் அனுப்புவதற்குத் தரகு வாங்குபவர், தரகு தரும் இடத்துக்குத்தான் அனுப்புவார். அவர் காட்டும் பேக்கேஜில் மூன்றை எழுத்தில் கேளுங்கள். முதலாவது ஸ்டேப்ளர், அதாவது ரத்தக்குழாயையும் நுரையீரலையும் தைத்து மூடி வெட்டும் கருவி. அதன் கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றும் ஒருமுறைதான் பயன்படும். மடல்களுக்கு இடையிலான பிளவு சரியாகப் பிரிந்திராவிட்டால் கூடுதலாகச் செலவாகும். எத்தனை வரை பேக்கேஜில் அடக்கம்? இரண்டாவது, நாட்கள். வெட்டிய இடத்தில் காற்றுக்கசிவு ஐந்து நாளுக்கு மேல் நீடிப்பது அபூர்வமல்ல. கசிவு நிற்கும்வரை நெஞ்சுக்குழாயை எடுக்க முடியாது. பேக்கேஜ் நான்கு நாளில் முடிந்தால் மீதி யார் தலையில்? மூன்றாவது, நடுவில் நெஞ்சைத் திறக்க நேர்ந்தால் கட்டணம் என்ன ஆகும்?

இந்த மூன்றாவதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். துளைவழியில் தொடங்கிய அறுவையை நடுவில் திறந்த அறுவையாக மாற்றுவது தோல்வி அல்ல. பழைய காசநோயால் நுரையீரல் நெஞ்சுச்சுவரோடு ஒட்டியிருக்கலாம். கணுக்கள் சுண்ணாம்பாகி, தமனியோடு பிரிக்க முடியாதபடி இறுகியிருக்கலாம். தமனி கிழிந்தால் சில நொடிகளில் கேமராவே ரத்தத்தில் மறைந்துவிடும். அந்த நேரத்தில் அழுத்திப் பிடித்து, தயங்காமல் திறப்பவரே நல்ல சர்ஜன். 'எப்படியும் துளையிலேயே முடிப்பேன்' என்று வாக்குக் கொடுப்பவரிடம் அப்பாவை ஒப்படைக்காதீர்கள். கடந்த ஆண்டு எத்தனை மடல் நீக்கம் செய்தீர்கள், எத்தனையைத் திறக்க வேண்டி வந்தது என்று நேராகக் கேளுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் தானாகவே வெளியிட வேண்டிய கணக்கு இது. கட்டில் எண்ணிக்கையை விளம்பரப்படுத்துபவர்கள் இதை மட்டும் ஏன் பூட்டி வைக்கிறார்கள்? ஒப்புதல் படிவத்தை முந்தின நாள் இரவு நீட்டுவதும் இதே ரகம். ஆலோசனை நாளிலேயே அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இந்த வாரமே என்ற அவசரத்துக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. பரிசோதனைகளுக்கு இரண்டு வாரம் ஆனாலும் கட்டி கைமீறிப் போகாது. இரண்டு மாதம் தள்ளிப்போடத்தான் கூடாது. நோய் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் சிடி ஸ்கேன் முடிந்ததா? மூச்சுத்திறன் சோதனையில் ஊதும் அளவோடு, நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் வாயு எவ்வளவு கடக்கிறது என்ற பரிமாற்ற அளவும் பார்த்தார்களா? இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள், மடலை எடுத்த பிறகு மூச்சு தாங்குமா என்பதை அதையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்கேன் படங்களைக் குறுந்தகட்டில் வாங்கி, அந்த ஒருங்கிணைப்பாளர் காட்டாத இன்னொரு நெஞ்சக சர்ஜனிடம் கொண்டுபோங்கள். வெறும் அறிக்கைத் தாளை வைத்துக்கொண்டு அவரால் கருத்துச் சொல்ல முடியாது.

அப்பா புகைப்பவரானால் தேதி குறிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே நிறுத்தட்டும். தினமும் நடக்கட்டும், மூச்சுப்பயிற்சிக் கருவியை இப்போதே பழகட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதன் பெயரைத் தாளில் எழுதி மயக்க மருத்துவரிடம் கொடுங்கள். எந்த நாளில் நிறுத்துவது என்று அவர் சொல்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள்.